மலாக்கா வெயிலுக்கு எந்த ஆர்க்கிட்?

சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆனால் போதும், எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு ஒரே மாதிரியான குரல்பதிவுகள் வரத் தொடங்கிவிடும். "தங்கச்சி, பேரங்காடியில பெரிய வெள்ளைப் பூ ஆர்க்கிட் வாங்கினேன். பூ எல்லாம் கொட்டிப்போச்சு. இலை மட்டும் நல்லா பச்சையா இருக்கு. எப்பம்மா திரும்பப் பூக்கும்?" புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக வந்தது என்பார் ஒருவர். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது என்பார் இன்னொருவர். கேள்வி மட்டும் மாறாது. பாட்டும் விளம்பரமும் போக மிஞ்சும் நேரத்தில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் அது பெரும்பாலும் திரும்பப் பூக்காது. உங்கள் கைராசியில் குறையில்லை. நம் ஊர் இரவுகள்தான் காரணம்.

விட்டில்பூச்சி சிறகை விரித்ததுபோல் வரிசையாகப் பூத்து நிற்கும் அந்தச் செடியின் பெயர் ஃபெலினாப்சிஸ். கடையில் விற்கும் கலப்பின ஃபெலினாப்சிஸ் புதிய பூந்தண்டு விட வேண்டுமானால், சில வாரங்களாவது 25 பாகை செல்சியசுக்கும் கீழே குளுமை வேண்டும். பகலும் இரவும் 28 பாகைக்கு மேலேயே இருந்தால் அது இலையை மட்டும் விட்டுக்கொண்டு சும்மா இருக்கும். தாமான் வீட்டின் துத்தநாகக் கூரைக்குக் கீழே, முழுக்க சிமெண்டு போட்ட முன்வாசலில், நள்ளிரவிலும் சூடு இறங்காது. வளர்ப்பாளர்கள் இதற்காகவே செடிகளை மலைப்பகுதியிலோ குளிரூட்டிய கூடாரத்திலோ வைத்துப் பூந்தண்டு வந்த பிறகு கீழே இறக்குகிறார்கள். நீங்கள் வாங்குவது அப்படித் தயாராகி வந்த செடியைத்தான்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். இரண்டு மாதம், சில வேளைகளில் மூன்று மாதம்கூடப் பூ நிற்கும். ஒரு வாரத்தில் வாடும் ரோஜாக் கொத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் நட்டமில்லை. அதைப் பூச்செண்டாக நினைத்து வாங்குங்கள், செடியாக நினைத்து வாங்காதீர்கள். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறைச் சன்னலோரம் வைத்து மறுபடி பூக்க வைத்தவர்களும் உண்டு. ஆனால் மின்கட்டணத்தைப் பூவின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மொட்டோடு இருக்கும் ஆர்க்கிட்டைச் சாமி மேடைப் பக்கம் வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. ஊதுபத்திப் புகையிலும் அது உண்டு. மொட்டு விரியாமலே மஞ்சளாகி உதிர்வதற்கு அது போதும். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

ரப்பரும் ஆர்க்கிட்டும்

நம் வெயிலுக்கென்றே வந்த ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கதை நம் தோட்டங்களின் கதையோடு ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி இருந்தார். அவர் தோட்டத்தில் உருவான ஊதா இளஞ்சிவப்பு ஆர்க்கிட்டை, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1893இல் உலகுக்கு எழுதி அறிவித்தார். வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்று பெயரிட்டார். அதன் தாய்தந்தையரில் ஒன்று நம் தீபகற்பத்துச் சதுப்பு நிலத்தில் வளர்வது. இன்னொன்று பர்மா, இமயமலை அடிவாரப் பக்கத்தது. 1981இல் சிங்கப்பூர் அதைத் தேசிய மலராக்கியது. பிறகுதான் பலர் அதை மதிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அது நம் தோட்டங்களில் துரை பங்களா வேலியிலும் கிராணி வீட்டு வாசலிலும் கொழுந்து கொழுந்தாய் நின்றிருக்கிறது. அங்கிருந்து ஒடித்த ஒரு குச்சி லயத்துக்கு வந்தால், அடுத்த வருடம் பத்து வீட்டு வாசலில் இருக்கும்.

அதே ரிட்லிதான் மலாயாவில் ரப்பர் போடுங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் விதையை நீட்டியவர். பைத்தியக்காரர் என்றே அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காக்காரர் ஒருவர், டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். வணிக நோக்கில் மலாயாவில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். பால்மரம் வெட்ட நம் பாட்டன் பாட்டிகள் கப்பலேறி வந்ததும், ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் லயங்கள் எழுந்ததும் அதற்குப் பின்னால் வந்த கதை.

டான் சே யானின் மகன் டான் ஹூன் சியாங் ஆர்க்கிட் வளர்ப்பதில் கைதேர்ந்தவர். தாம் உருவாக்கிய ஒரு வாண்டாவுக்கு அப்பாவின் பெயரையே வைத்தார். செம்மஞ்சளும் பீச் பழ நிறமும் கலந்த அந்த வாண்டா டான் சே யான், 1954இல் இலண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் முதல் தரச் சான்றிதழ் பெற்றது. ரப்பர் முதலாளியின் பெயர் பூவுக்குக் கிடைத்தது. பால் வெட்டியவர்களின் பெயரில் எந்தப் பூவும் இல்லை. இருந்தாலும் கதை அங்கே நிற்கவில்லை.

1963இல் சிங்கப்பூரில் அந்த டான் சே யான் வாண்டாவோடு இன்னொரு வாண்டாவைச் சேர்த்தார்கள். அது இந்தியா, இலங்கைக் காடுகளில் மரத்தைப் பற்றி வளரும் வாண்டா டெஸலேட்டா. தமிழ்நாட்டிலும் வறண்ட வெயிலைத் தாங்கிக்கொண்டு நிற்கும் செடி அது. வாண்டா என்ற பெயரே, மரத்தின் மேல் வாழும் செடியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. இந்த இரண்டுக்கும் பிறந்ததுதான் மிமி பால்மர்.

மிமி பால்மரைப் பார்த்தவுடன் யாரும் ஆகா என்று சொல்ல மாட்டார்கள். இதழ் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், நடுவில் ஊதா உதடு, பூவும் பெரிதில்லை. ஆனால் காலை எட்டு ஒன்பது மணிக்கு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாசலிலிருந்து வரவேற்பறை வரைக்கும் மணக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் வீட்டுப் பெண்கள் ஆர்க்கிட்டைப் பற்றிச் சொல்லும் முதல் குறை வாசம் இல்லை என்பதுதான். "மல்லி மாதிரி வருமா? சும்மா காகிதப் பூ!" என்பார் என் அம்மா. ஜாலான் பெண்டஹாரா மாலைக் கடைகளில் தொங்கும் ஊதா ஆர்க்கிட்டை மட்டும் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மிமி பால்மர் வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று வாங்கக் கையில் பணம் இருக்கிறது என்றால், மலாக்கா வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான்.

காசே கொடுக்காமல் வாசம் வேண்டுமா? சாலையோரத்து அங்சானா, மழைமரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக் கவட்டையில் கொத்தாக ஒட்டியிருப்பது புறா ஆர்க்கிட். வெயிலுக்கு நடுவே பெருமழை பெய்து சட்டென்று குளிர்ந்தால், சரியாக ஒன்பதாம் நாள் வட்டாரத்திலுள்ள அத்தனை செடியும் ஒன்றாகப் பூக்கும். வெள்ளைப் புறாக்கள் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். காலையில் மணக்கும், மறுநாள் வாடிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டு ரசிப்பதுதான் நல்லது.

வீட்டைப் பார்த்துச் செடி

என் பெரியம்மா ஜாசின் பக்கத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு லயமும் போனபோது, பத்து பெரெண்டாம் பக்கம் மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு வந்தார். முருங்கையையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. ஈரச் சாக்கில் சுற்றி அவர் கையோடு கொண்டுவந்தவை, லயத்து வாசலிலிருந்து வெட்டிய ஆறு மிஸ் ஜோவாக்கிம் குச்சிகள். நடைபாதைக் கம்பியில் கட்டி வைத்தார். செடி உயிரோடு இருந்தது, ஆனால் இரண்டு வருடமாக ஒரு பூகூட இல்லை. "மண்ணு மாறுனா பூ வராதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவர் சொன்னபோது அவர் செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஆர்க்கிட்டுக்கு மண்ணே வேண்டாம். வெளிச்சம்தான் வேண்டும். வாண்டாவின் இலையைப் பார்த்தாலே அதற்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று சொல்லிவிடலாம். பென்சில்போல உருண்ட இலை என்றால் நாள் முழுக்க நேர் வெயில். பட்டையாக விரிந்த இலை என்றால் காலை வெயில் போதும், நண்பகலில் வலை நிழல் தேவை. மிஸ் ஜோவாக்கிமின் இலை உருண்டது. பெரியம்மா வீட்டு நடைபாதைக்கு வெயில் வருவது காலையில் இரண்டரை மணி நேரம். அதனால்தான் பூக்கவில்லை. இப்போது அந்தக் குச்சிகள் பக்கத்துக் கோயில் வேலியோரம் திறந்த வெளியில் நிற்கின்றன. பெரியம்மா வாசலில் மூன்று டென்ட்ரோபியம் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இரண்டு பூவைக் கிள்ளி அம்மனுக்கு வைத்துவிட்டு வருகிறார். செடியைப் பார்க்கத்தான் போகிறார் என்பது என் கணிப்பு.

அடுக்குமாடி, தாமான் வீடு எதுவானாலும் முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கு டென்ட்ரோபியம்தான் சரி. மாலைக் கடையில் பார்க்கும் ஊதா ஆர்க்கிட் இந்த இனம்தான். கிழக்குப் பார்த்த வாசலில் மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைத்தால் வருடத்தில் பலமுறை பூக்கும். மஞ்சள் பாவாடை கட்டி ஆடுவதுபோல் சின்னச் சின்னப் பூவாகப் பூக்கும் ஒன்சிடியமும் நம் வெப்பத்தைத் தாங்கும். முன்வாசலில் கூரையில்லாத இடம் இருந்தால் மொக்காரா வாங்கலாம். 1969இல் சிங்கப்பூரில் உருவான கலப்பினம் அது, ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும். மேற்கு வெயில் மட்டும் கிடைக்கும் வீட்டுக்காரர்கள் 50 விழுக்காடு கறுப்பு நிழல்வலை கட்டாமல் எதையும் தொங்கவிட வேண்டாம். கடையில் நிழலில் இருந்த செடியை வாங்கிய அன்றே வெயிலில் வைத்தாலும் இலை வெந்துவிடும். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

கரும்பச்சை இலையைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். ஆர்க்கிட்டில் அது வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அடையாளம். இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தால்தான் பூக்கும் செடி.

வேரைப் பார்த்துத் தண்ணீர்

நான் பார்த்தவரை ஆர்க்கிட்டுகள் தாகத்தால் சாவதைவிடத் தண்ணீரில் மூழ்கிச் சாவதுதான் அதிகம். நம் அன்பு அப்படி. காலையில் அம்மா ஊற்றுவார், மத்தியானம் பாட்டி ஊற்றுவார், வேலை முடிந்து வந்து நாமும் ஊற்றுவோம்.

வேரின் மேல் பஞ்சுபோல் ஓர் உறை இருக்கிறது. நனைந்தால் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளியாக வெளுக்கும். வெளுத்த பிறகு ஊற்றினால் போதும். காலையில் ஊற்றுங்கள், இரவுக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். தொட்டியில்லாமல் வேரைத் தொங்கவிட்டு வளர்க்கும் வாண்டாவுக்கு, மழையில்லாத நாள்களில் தினமும் தண்ணீர் வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் மலாக்கா காய்ந்து கிடக்கும்போது மாலை நாலு மணிக்கு இன்னொரு முறை தெளிக்கலாம். கரித்துண்டில் வளரும் டென்ட்ரோபியத்துக்கு வெயில் நாளில் ஒருமுறை, மழை நாளில் ஒன்றுமே வேண்டாம்.

தொட்டியில் என்ன போடுவது? அடுப்புக் கரியும் உடைந்த செங்கல்லும் போதும், அதைவிட நல்லது நம் வெப்பத்துக்கு இல்லை. சாத்தே சுடும் மரக்கரியாகவே இருக்கட்டும், அச்சில் வார்த்த கரிக்கட்டி வேண்டாம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள். தேங்காய் மட்டை மலிவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்து இரண்டு வருடத்தில் மக்கிவிடும். மாடிவாசலில் காற்று நன்றாக அடித்தால் மட்டும் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். கடையிலிருந்து வரும் பீங்கான் சட்டிக்குள் பார்த்தால் ஓட்டையே இருக்காது. உள்ளிருக்கும் நெகிழித் தொட்டியை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

உரம் வாரம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாக. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் சாதாரண உரமே போதும். முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு உரத்தண்ணீரைத் தெளிக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரைப் பற்றி ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ரோஜாவுக்கு ஊற்றுங்கள். கரிக்குள் அது புளித்து எறும்பையும் பூஞ்சையையும் கூட்டும்.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்து மொட்டையாய் நிற்கும் பழைய தண்டை வெட்டி எறிகிறவர்கள் நிறையப் பேர். சுருங்கி, காய்ந்து பழுப்பாகும் வரை அதைத் தொடாதீர்கள். அது செடியின் சேமிப்புக் கிடங்கு. பல நேரங்களில் அந்த மொட்டைத் தண்டின் நுனியிலிருந்தே மறுபடி பூ வரும். சில நேரம் வேரோடு ஒரு குட்டிச் செடி முளைக்கும். வேர் விரல் நீளம் வந்ததும் அதைப் பிரித்துத் தனித் தொட்டியில் வைக்கலாம். அழுகிய பகுதியை வெட்டினால், நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி, வெட்டிய இடத்தில் சமையலறைப் பட்டைத்தூளைத் தடவுங்கள். வேரில் மட்டும் படக்கூடாது, காய்த்துவிடும்.

பூவையும் மொட்டையும் கடித்து வைக்கும் ஆரஞ்சு நிற வண்டு ஒன்று இங்கே உண்டு. அதன் புழு வழவழப்பான அழுக்கைப் போர்த்திக்கொண்டிருக்கும். மருந்தைவிடக் கைதான் மேல். விடிந்ததும் பார்த்துப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

பூச்சியைச் சொல்லிவிட்டுக் கொசுவைச் சொல்லாமல் விட்டால் பாவம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் வந்து கொசுப்புழுவைக் கண்டுபிடித்தால், 1975ஆம் ஆண்டு சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதச் சீட்டு கிடைக்கும். அந்தப் பணத்துக்கு எத்தனை மிமி பால்மர் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிங்கி காய்ச்சல் வந்தால் கணக்கே வேறு. மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாய்க்கும் மூடி வேண்டும்.

வாங்கும்போது

தொட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள், செடி தள்ளாடினால் வேர் பிடிக்கவில்லை. வேர் நுனி பச்சையாகவோ சிவப்பாகவோ பளபளக்க வேண்டும். எல்லாப் பூவும் விரிந்ததை வாங்காமல், கால்வாசி விரிந்து மீதி மொட்டாக இருப்பதை எடுங்கள். அடியில் ஒரு புதுத் தளிர் இருந்தால் இரண்டு வெள்ளி கூடக் கொடுக்கலாம். பெயர்ச்சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள், மிமி பால்மர் என்று சொல்லி வேறொன்றைத் தருவது நடக்கிறது. பூத்திருக்கும்போது மோந்து பார்த்து வாங்குவதே வழி.

பெயர்ச்சீட்டும் இல்லாமல், தொட்டியும் இல்லாமல், மரப்பட்டையோடு பிய்த்த வேருமாகச் சந்தையில் கட்டுக்கட்டாய் விற்பார்கள். அது காட்டிலிருந்து பறித்தது, வாங்காதீர்கள். ஆர்க்கிட் இனங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. காட்டுச் செடி வீட்டுக்கு வந்து பிழைப்பதும் அபூர்வம். தூசியைவிட மெல்லிய இலட்சக்கணக்கான விதைகளை ஒரே காயில் வைத்திருந்தாலும், தகுந்த பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அவை காட்டில் முளைக்கும். ஒரு கட்டைப் பிய்த்தால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும்.

நல்ல செடி ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால் வாங்கவே வேண்டாம், கேளுங்கள். உயர வளர்ந்துவிட்ட வாண்டாவின் உச்சியை, குறைந்தது மூன்று காற்றுவேர் சேர்ந்து வருமாறு வெட்டிக் கொடுக்கலாம். வாங்கிக்கொண்டு போகிறவர் அதை ஒரு கம்பில் கட்டி, முதல் மூன்று வாரம் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் போதும். வெட்டிக் கொடுத்தவர் மிச்சமிருக்கும் அடித்தண்டைப் பிடுங்கி எறிய வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் இலைக் கணுவில் பக்கவாட்டில் புதுத் தளிர் எட்டிப் பார்க்கும்.